முள் ஏறவே இல்லை

மலர்விழி கார் சாவியை ஒரு சுற்றுத் திருப்பினாள். இன்ஜினை இன்னும் உயிர்ப்பிக்கவில்லை. அதற்குள் பானெட்டுக்கு அடியிலிருந்த இரண்டு விசிறிகளும் ‘விர்ர்ர்’ என்று முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டன. காலை மணி ஐந்தே முக்கால். இரவு முழுக்க மழையில் நின்ற கார், தொட்டால் ஜில்லென்று இருந்தது. சூடே ஆகாத இன்ஜினுக்கு யாரய்யா விசிறி கேட்டது?

பின் இருக்கையில் அவளுடைய நாத்தனார் புனிதா, கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்தெட்டு. இரண்டு சிறுநீரகமும் போய் நான்கு வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. கிள்ளானில் இடம் கிடைக்காததால் சுபாங் ஜெயாவில் ஒரு மையம். காலை ஏழு மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். நான்கு வருடமாக அவரைக் கொண்டுபோய் விட்டு, திரும்ப அழைத்து வருவது மலர்விழிதான். ஒரு நாள் தவறியதில்லை. கார் ஓட்ட ஆரம்பித்து பத்தொன்பது வருடத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

கேட்டைத் திறந்துவிட வந்த கணவன் கமலநாதன் கைலியோடு நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். மலர்விழி கண்ணாடியை இறக்கினாள்.

“என்னங்க, இங்க வந்து கொஞ்சம் கேளுங்களேன். காடி இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல. அதுக்குள்ள ஃபேன் ஓடுது.”

“ஃபேன்னா ஓடத்தான் செய்யும். ஓடலன்னா சொல்லு, பாக்கலாம்.”

“நேத்து ஆஃப் பண்ணப்புறமும் பத்து நிமிஷம் ஓடுச்சுங்க. அண்ணிகூட கேட்டாங்க, காடிக்குள்ள யாரு இருக்கான்னு.”

“நல்லதுதானே லா. இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்.”

“அது மட்டும் இல்லீங்க. சூடு காட்டுற முள்ளு ஏறவே மாட்டேங்குது. முன்னல்லாம் ஷா ஆலாம் போறதுக்குள்ள பாதிக்கு வந்து நிக்கும். இப்ப அடியிலயே படுத்துக் கெடக்கு.”

“அதைத்தான் நானும் சொல்றேன், ஜில்லுன்னு இருக்குன்னு! போ போ, ரோடு ஜேம் ஆயிடும்.”

கமலநாதன் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். குடி கிடையாது, கைநீட்டும் பழக்கம் கிடையாது. தாய் தகப்பன் போனபின் தன்னை வளர்த்த அக்காவை வீட்டில் வைத்துப் பார்க்கிறான். போர்ட் கிள்ளானில் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வேலையில் நல்ல பெயர். அவனிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான்: கார் சம்பந்தமாக மனைவி வாயைத் திறந்தால் அவன் காது தானாகவே மூடிக்கொள்ளும். நம் வீடுகளில் பாதி ஆண்களுக்கு இந்த வியாதி உண்டு. மருந்தும் இல்லை, வெட்கமும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை கார் கிளம்பவே இல்லை. பேட்டரி செத்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சீனர் வயர் கொடுத்து உதவினார். அன்று புனிதா அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். கமலநாதன் புதுப் பேட்டரி போட்டான். பத்தே நாளில் அதுவும் செத்தது.

“ஃபேன் நிக்காம ஓடுறதாலதாங்க பேட்டரி போகுது. ஃபேன் ஏன் ஓடுதுன்னு பாக்கணும். மஞ்சள் லைட்டு வேற எரிஞ்சிக்கிட்டே இருக்கு” என்றாள் மலர்விழி.

“சரி, ராஜன்கிட்ட காட்டிடலாம். இதோட விடு.”

ராஜன் அவனுக்குப் பழைய கூட்டாளி. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் இருவரும் சேர்ந்து தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். காருக்கு ரேடியோ, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், இருக்கைக்கு உறை என்று விற்கிற கடை வைத்திருந்தான். இன்ஜினைப் பற்றி அவனுக்கு எவ்வளவு தெரியுமோ, கமலநாதனுக்கும் அவ்வளவுதான் தெரியும். இருவருமே அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ராஜன் பானெட்டைத் திறந்து பார்த்தான். மலர்விழி பக்கத்தில் வந்து, “தம்பி, முள்ளு ஏறவே மாட்டேங்குது. அதுக்கும் இதுக்கும் ஏதோ...” என்று ஆரம்பித்தாள்.

“அக்கா, வெயில்ல நிக்காதீங்க. உள்ள ஏசில போய் உக்காருங்க” என்ற ராஜன், கமலநாதனைப் பார்த்துச் சிரித்தான். “என்னண்ணே, அக்கா காடி ரிப்பேர் ஃபோர்மேன் ஆயிட்டாங்க போல!”

கமலநாதனும் சிரித்தான். மலர்விழி உள்ளே போய் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள்?

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ராஜன் செய்தது இதுதான்: விசிறிக்குப் போகும் கம்பியை வெட்டி, ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்சோடு இணைத்துவிட்டான். இனி விசிறி தானாக ஓடாது. சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். டேஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒரு துண்டு வெட்டி ஒட்டினான்.

“இந்த லைட்டு சும்மா லா. பழைய காடி எல்லாத்துலயும் எரியும். பாத்துக்கிட்டே இருந்தா மனசுதான் கெட்டுப்போகும்” என்றான்.

கமலநாதன் மனைவியை அழைத்து விளக்கினான். “இங்க பாரு. முள்ளு பாதிய தாண்டுச்சுன்னா சுவிட்ச போடு. எறங்குறப்ப ஆஃப் பண்ணிடு. அவ்வளவுதான். இனி ஃபேன் சத்தம்னு என்கிட்ட வராதே.”

“முள்ளுதான் ஏறவே மாட்டேங்குதே. அது எப்படி...”

“ஏறாதது வரைக்கும் உனக்கு வேலை மிச்சம்!”

மலர்விழிக்கு மனம் கேட்கவில்லை. முதல் நாள் சுபாங் ஜெயா போய்த் திரும்பும்வரை சுவிட்சைப் போட்டபடியே ஓட்டினாள். வீட்டு வாசலில் புனிதாவைக் கைத்தாங்கலாக இறக்கி, பையை எடுத்து, மருந்தைக் கொடுத்து, படுக்க வைத்த அவசரத்தில் அணைக்க மறந்துவிட்டாள். மாலையில் பேட்டரி காலி. கமலநாதன் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. “பாதி தாண்டுனா போடுன்னு சொன்னேனா இல்லையா? ஒரு முள்ளப் பாக்கத் தெரியாதா உனக்கு?”

அதன்பின் அவள் முள்ளைப் பார்த்தே ஓட்டினாள். சாலையைப் பார்த்தது பாதி, முள்ளைப் பார்த்தது பாதி. அது அசையவில்லை. விடியற்காலையில் சாலை காலியாக இருக்கும். ஓடுகிற வேகத்தில் அடிக்கும் காற்றே இன்ஜினுக்குப் போதும். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. “பாத்தியா, ராஜன் கை பட்டா சரியாயிடும்” என்றான் கமலநாதன்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது.

இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களுக்குச் செவ்வாய் கொஞ்சம் பொல்லாத நாள். சனிக்குப் பிறகு ஞாயிறு, திங்கள் என்று இரண்டு நாள் தண்ணீர் உடம்பில் சேர்ந்திருக்கும். அன்று புனிதாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பு ஏறவில்லை. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. “சீக்கிரம் போயிடலாம் மலரு” என்றார்.

சுங்கை ராசா தாண்டியதும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் பேய்மழை. ஷா ஆலாமுக்கு முன்னால் ஒரு லோரி கவிழ்ந்து, மூன்று தடத்தில் இரண்டு அடைபட்டிருந்தன. வண்டிகள் நின்றன. பத்து அடி நகர்வதும் ஐந்து நிமிடம் நிற்பதுமாக நாற்பது நிமிடம் போனது. புனிதாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதால் ஏசி போடவில்லை.

மலர்விழி முள்ளைப் பார்த்தாள். அடியில் கிடந்தது. மறுபடி பார்த்தாள். அடியிலேயே கிடந்தது. பிறகு மூக்கில் ஒரு வாடை அடித்தது. பாகு காய்ச்சுவதுபோல் தித்திப்பான, கருகல் கலந்த வாடை. முள் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று கையை விட்டுச் சுவிட்சைத் தட்டினாள். விசிறி சுற்றியது. ஆனால் காலம் கடந்துவிட்டது. பானெட்டின் இரு ஓரங்களிலும் ஆவி பீறிட்டது. இன்ஜின் இரண்டு முறை உதறி நின்றுபோனது. அப்போதும் முள் அடியில்தான் கிடந்தது.

மழைக்கோட்டுப் போட்ட மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் உதவிக்கு ஓடிவந்து பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். “ஜாங்ஙான் புக்கா! திறக்காதீங்க, கொதிக்குது!” என்று மலர்விழி அலறிய அலறலில் அவர் கையை இழுத்துக்கொண்டார். அந்த நேரத்திலும் அவளுக்குப் புத்தி வேலை செய்தது. திறந்திருந்தால் அவர் முகம் வெந்திருக்கும்.

பின் இருக்கையில் புனிதா கதவைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டார். “மலரு... முடியல...”

மலர்விழி நடுச்சாலையில் நனைந்துகொண்டே பின்னால் நின்ற கார்களின் கண்ணாடியைத் தட்டினாள். மூன்றாவது காரில் இருந்த மலாய்ப் பெண்மணி புனிதாவை எட்டிப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. “நாயிக் கெரெத்தா சாயா, காக்”, என் காரில் ஏறுங்கள் அக்கா என்று சொல்லிக் கதவைத் திறந்து தன் காரில் ஏற்றிக்கொண்டார். ஓரத் தடத்தில் ஹாரனை அழுத்தியபடியே ஓட்டினார். மையத்துக்குப் போனதும் தாதி புனிதாவின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு நேராக மருத்துவமனைக்கு அனுப்பினார். நுரையீரலில் தண்ணீர் ஏறியிருந்தது. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

மாலைக்குள் சொந்தங்கள் வார்டில் கூடிவிட்டன. கமலநாதனின் தம்பி திருச்செல்வம் வந்தான். பந்திங்கிலிருந்து சித்தி வந்தார். இன்னும் நாலைந்து பேர். எப்படி ஆனது என்று எல்லாரும் கேட்டார்கள். கமலநாதன் பயந்து போயிருந்தான். அக்காவின் முகத்தில் ஆக்சிஜன் மூடி இருந்தது. பயந்தவன் முதலில் தேடுவது பழி போட ஓர் ஆளை.

“ஃபேன் சுவிட்ச் போட மறந்துட்டா” என்றான்.

“மறக்கலைங்க. முள்ளு ஏறவே இல்ல” என்றாள் மலர்விழி. புடவை இன்னும் ஈரமாகவே இருந்தது.

“ஏறாம எப்படி இன்ஜின் வேகும்? பாக்காம விட்டிருப்பே.”

“அந்த ஒரு சுவிட்ச் தானே அண்ணி” என்றான் திருச்செல்வம், வருத்தத்தோடுதான். “அதையும் மறந்துட்டா எப்படி?”

சித்தி பெருமூச்சு விட்டார். “பாவம், அவளும் எத்தன நாளைக்குத்தான் சொமப்பா. நாலு வருஷம் ஆச்சுல்ல. மனுசிக்குச் சலிச்சுப் போயிருக்கும்.”

சொன்னவருக்கு அது அனுதாபம். கேட்டவளுக்கு அது செருப்படி. சலித்துப் போய், வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாள் என்றல்லவா அதற்கு அர்த்தம்! மலர்விழி கணவனைப் பார்த்தாள். இல்லை சித்தி, அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் சொன்னது வேறு.

“இனிமே நீ காடி எடுக்க வேணாம். அக்காவ நான் கிராப் டாக்சில அனுப்பிக்கிறேன்.”

ஏழு பேர் கேட்டார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது அன்று அந்த வார்டில் நடந்தது.

காரை டோ லோரி இழுத்துக்கொண்டு போய் காப்பார் சாலையில் இராமலிங்கத்தின் பட்டறையில் விட்டிருந்தது. கமலநாதனின் யார்டு லோரிகளைப் பழுதுபார்க்கிற ஃபோர்மேன் அவர். பேச்சு குறைவு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கமலநாதன் அங்கே போனான்.

“என் வைஃப் ஃபேன் போட மறந்து ஓவர்ஹீட் ஆயிடுச்சு பாஸ். என்ன மாத்தணுமோ மாத்திடுங்க.”

இராமலிங்கம் ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து பார்த்தார். “இந்த சுவிட்ச் எதுக்கு?”

“ஃபேன் நிக்காம ஓடுச்சு. அதான்.”

“ஏன் நிக்காம ஓடுச்சு?”

ஒன்றரை மாதமாக அந்தக் கேள்வியைக் கமலநாதன் ஒரு முறைகூடத் தனக்குள் கேட்டதில்லை.

“காடி யாருண்ணே ஓட்டுறது?”

“வைஃப்தான்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அவங்க என்ன சொல்லுவாங்க, பொம்பளைங்க... சத்தம் கேக்குது, அது இதுன்னு.”

“ஃபோன் போட்டுக் குடுங்க. நான் பேசிக்கிறேன்.”

வேறு வழியில்லாமல் கமலநாதன் ஃபோனைப் போட்டு ஒலிபெருக்கியை அழுத்தினான். இராமலிங்கம் கேட்கக் கேட்க மலர்விழி நிதானமாகச் சொன்னாள். சாவியைத் திருப்பியதுமே விசிறி ஓடும். இன்ஜின் குளிர்ந்திருந்தாலும் ஓடும். ஏசி போடாவிட்டாலும் ஓடும். அணைத்தபின் பத்து நிமிடம் ஓடும். சூடு காட்டும் முள் அன்றிலிருந்து எழும்பவே இல்லை. மஞ்சள் விளக்கும் அதே நாள் காலையில்தான் முதலில் எரிந்தது. பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது.

“எந்த நாள்னு ஞாபகம் இருக்காக்கா?”

“இருக்கு தம்பி. அண்ணிக்குக் கையில ஆப்பரேஷன் பண்ணி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததுக்கு மறுநாள். அதுக்கு முந்தின மூணு நாளும் ஆஸ்பத்திரிக்குக் கிராப்லதான் போய் வந்தோம், காடி எடுக்கவே இல்ல. சும்மாதான் நின்னுச்சு. அந்தக் காலையில பானெட்டத் தெறந்து தண்ணி பாத்தேன். உள்ள எலிப் புழுக்கை கெடந்துச்சு. இவருகிட்டயும் சொன்னேன்.”

“நன்றிக்கா. இது போதும்.”

இராமலிங்கம் விளக்கை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டார். ஐந்து நிமிடத்தில் நிமிர்ந்தார். விரலில் ஒரு கம்பியைத் தூக்கிப் பிடித்தார். பென்சிலைவிட மெல்லிய கம்பி, பல் தடத்தோடு இரண்டாக அறுந்திருந்தது.

“எலி. இன்ஜின் எவ்வளவு சூடுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற சென்சரோட வயர் இது. இருங்க, ஒண்ணு காட்டுறேன்.”

ராஜன் வெட்டிய கம்பியை முதலில் பழையபடி இணைத்தார். டேப்பை உரித்தார். சென்சரைக் கழற்றி, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு குவளை கொதிதண்ணீர் வாங்கிவரச் சொல்லி அதற்குள் போட்டார். சாவியைத் திருப்பினார். மஞ்சள் விளக்கு எரிந்தது. விசிறி இரண்டும் அலறின. கொதிதண்ணீரில் சென்சர் கிடக்க, முள் அடியில் கிடந்தது.

“பாத்துக்கிட்டீங்களா? இப்ப பாருங்க.”

அறுந்த இரு முனைகளையும் சீவி முறுக்கினார். விசிறி நின்றது. பட்டறையே அமைதியானது. டேஷ்போர்டில் முள் மெல்ல எழுந்து, பாதிக்கு வந்து நின்றது.

கமலநாதன் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். பாதி தாண்டினால் போடு என்று அவன் சொன்ன முள். சொன்ன நாளிலேயே அது செத்துப் போயிருந்தது. இன்ஜின் தீப்பற்றி எரிந்திருந்தாலும் அது எழுந்திருக்காது.

“சூடு எவ்வளவுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாமப் போச்சுன்னா, அது ரிஸ்க் எடுக்காதுண்ணே. பாதுகாப்புக்கு ஃபேன ஓட விட்டுடும். லைட்டையும் போட்டு ‘என்னப் பாரு’ன்னு கத்தும்” என்றார் இராமலிங்கம். “அது கத்துனதுல தப்பே இல்ல. நீங்க அதோட வாயக் கட்டிட்டீங்க.”

“எனக்குத் தெரியாது பாஸ்.”

“உங்களுக்குத் தெரியாது, சரி. சொன்னவங்களுக்குத் தெரிஞ்சிருக்கே. உங்க யார்டுல லோரி டிரைவர் வந்து கிளட்ச்ல சத்தம் கேக்குதுன்னா என்ன செய்வீங்க?”

“லோரிய உடனே நிறுத்தி உங்களுக்குக் கூப்பிடுவேன். ஓட்டுறவனுக்குத்தானே தெரியும்...”

சொல்லி முடிப்பதற்குள் தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்தது. கமலநாதன் தலையைக் குனிந்துகொண்டான். இன்ஜினில் கேஸ்கெட் மாற்ற வேண்டும், கார் அடுத்த புதன்கிழமை கிடைக்கும் என்று மட்டும் இராமலிங்கம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கமலநாதன் நேராக அடுப்படிக்குப் போனான். மலர்விழி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னான்.

“எலி வயரக் கடிச்சிருக்காம். அதான் முள்ளு ஏறல. உன் மேல தப்பில்ல. புதன்கிழமை காடி வந்துடும். நீயே ஓட்டு.”

மலர்விழி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“காடி எடுக்காதேன்னு எங்கங்க சொன்னீங்க?”

“அது... ஆஸ்பத்திரில.”

“ஏழு பேருக்கு முன்னாடி சொன்னீங்க. அண்ணியக் கொல்லப் பாத்தவ மாதிரி என்ன நிக்க வெச்சீங்க. இப்ப எடுன்னு சொல்றதுக்கு மட்டும் அடுப்படிக்கு வந்திருக்கீங்க. ஏன், சத்தம் வெளிய கேட்டுடுமா?”

“எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லணுமா என்ன? முடிஞ்சுபோனத விடேன் மலர்.”

“உங்களுக்கு முடிஞ்சு போச்சு. சித்தி பேசினது என் காதுல இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு. நான் காடி எடுக்கல. நீங்களே பாத்துக்குங்க.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பான். அவள் பாட்டுக்கு ரசத்தைத் தாளித்து இறக்கினாள். அன்றும் மறுநாளும் அவனோடு சாப்பிடக் கூப்பிடும் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

சனிக்கிழமை புனிதா வீடு திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாகச் சொந்தங்கள் பார்க்க வந்தார்கள். வார்டில் நின்ற அத்தனை பேரும் இருந்தார்கள். ராஜனும் வந்திருந்தான். கூடத்தில் பேச்சு ஓடியது. மலர்விழி எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சித்தி அவளைப் பார்த்து, “இனிமேயாவது நல்லாப் பாத்துக்கம்மா” என்றார்.

கமலநாதன் எழுந்து நின்றான். தேநீரை எடுத்தான், குடிக்காமல் வைத்தான்.

“சித்தி, எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னது பொய். மலரு மறக்கல. முள்ளு நெசமாவே ஏறல. எலி வயரக் கடிச்சு மீட்டர் செத்துப் போச்சு. சுவிட்ச் வெச்சது நானு. முள்ளப் பாருன்னு சொன்னதும் நானு.”

ராஜன் தரையைப் பார்த்தான்.

“சரி விடுண்ணே” என்றான் திருச்செல்வம், நிலைமையைச் சமாளிக்க. “எலி செஞ்ச வேலைக்கு நீ என்ன செய்வே?”

“எலி ஒரு ராத்திரிதான்டா கடிச்சுச்சு. மலரு ஒண்ணர மாசமா சொன்னா. ஃபேன் ஓடுதுன்னா, முள்ளு ஏறலன்னா, லைட்டு எரியுதுன்னா, எலிப் புழுக்கை கெடக்குன்னா. ஒண்ணு விடாம சொன்னா. யார்டுல எவனோ ஒரு டிரைவர் சொன்னா லோரிய நிறுத்துறேன். என் பொண்டாட்டி சொன்னா சிரிக்கிறேன். அக்கா அந்த ரோட்டுல போயிருந்தா, எலியா வந்து கொள்ளி வெச்சிருக்கும்?”

அவன் குரல் உடைந்தது. ராஜன் மெதுவாக, “நானும்தான் சிரிச்சேன். மன்னிச்சுக்குங்கக்கா” என்றான். சித்தி கையிலிருந்த ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, “நான் தெரியாம ஒரு வார்த்தை விட்டுட்டேம்மா” என்றார்.

உள்ளறையில் படுத்திருந்த புனிதாவின் குரல் மெலிதாக வந்தது. “டேய் கமலா, என்னக் காப்பாத்துனது அவதான்டா. மழையில ஒவ்வொரு காடியா ஓடி ஓடித் தட்டுனா. அன்னைக்கு மூக்குல மூடி போட்டுட்டாங்க, சொல்ல முடியல. வீட்டுக்கு வந்ததும் நீயே கேப்பேன்னு பாத்தேன். கேக்கவே இல்லையேடா.”

கமலநாதன் மனைவி பக்கம் திரும்பினான். இந்தத் தடவை குரலைத் தணிக்கவில்லை. “புதன்கிழமை காடி வருது மலர். நீ ஓட்டுனாதான் அக்காவுக்கும் நல்லது, எனக்கும் நிம்மதி. தயவுசெஞ்சு எடு.”

மலர்விழிக்குக் கண் கலங்கியது. தாவணி போட்ட வயதிலிருந்து அவனைத் தெரியும். இப்படிப் பலர் முன்னால் அவன் தணிந்து பேசி அவள் பார்த்ததில்லை. மனம் இளகியது உண்மைதான். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட அவள் தயாராக இல்லை. தேநீர்த் தட்டை மேசைமேல் வைத்தாள்.

“எடுக்கிறேங்க. ஆனா ஒண்ணு. இன்னைக்கு நீங்க சொன்னத இத்தன பேர் கேட்டாங்க. அன்னைக்கு நான் சொன்னத நீங்க ஒருத்தர் கேட்டிருந்தா போதும், இத்தன பேர் கூட வேண்டிய அவசியமே வந்திருக்காது. பொம்பள பேசுறாளேன்னு தள்ளாதீங்க. தெனம் கூடவே இருக்கிறவ ஒண்ணு சரியில்லன்னு சொன்னா, முதல் தடவையே காது குடுத்துக் கேளுங்க. கேட்டா ஒரு வயரோட போயிடும். கேக்கலன்னா ஒரு உசிரு வரைக்கும் வரும்.”